ஃபர்ஸ்ட் ஃப்ளீட்: எங்கள் வீட்டுச் சார்ட்டில் இருந்த தவறுகள்

சிட்னியில் பிள்ளை நான்காம் வகுப்புக்கு வந்தால் ஃபர்ஸ்ட் ஃப்ளீட் வீட்டுக்குள் வந்தே தீரும். 1788இல் இங்கிலாந்திலிருந்து கைதிகளை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கிய பதினொரு கப்பல்களின் கதை. மகன் அந்த வகுப்பில் இருந்தபோது அட்டையில் பதினொரு கப்பல்களை வெட்டி ஒட்டினோம். நடுவில் ஆளுநர் ஆர்தர் பிலிப், கீழே கொடி ஏற்றும் காட்சி. நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது.

இந்த வருடம் மகளின் முறை. பழைய சார்ட்டைப் பரணிலிருந்து இறக்கிப் பார்த்தேன். இடைப்பட்ட வருடங்களில் பிலிப்பின் கடிதங்களையும் கூட வந்த அதிகாரிகளின் நாட்குறிப்புகளையும் கொஞ்சம் படித்திருந்தேன். தேதிகள் எல்லாம் சரிதான். ஆனால் அந்தச் சார்ட்டைப் படிப்பவருக்கு அந்தப் பயணம் எப்படித் திட்டமிடப்பட்டது, எங்கே சறுக்கியது என்று ஒன்றுமே புரியாது. இணையத்தில் தமிழில் இதைப் பற்றி எழுதுகிறவர்களும் பேசுகிறவர்களும் ஏறக்குறைய இதே தவறுகளைச் செய்வதால், எங்கள் சார்ட்டையே வைத்துச் சொல்கிறேன்.

கதையை மே 13இல் தொடங்குவது

எங்கள் சார்ட்டின் முதல் வரி: "1787 மே 13, போர்ட்ஸ்மத் துறைமுகத்திலிருந்து கப்பல்கள் புறப்பட்டன." இது ஒரு கல்யாணத்தைத் தாலி கட்டும் நேரத்திலிருந்து சொல்வது மாதிரி. பந்தல் போட்டவர், மளிகைச் சாமான் வாங்கியவர், கடைசி நேரத்தில் ஐம்பது இலை குறைகிறதென்று ஓடியவர், ஒருவரும் கதைக்குள் வரமாட்டார்கள்.

உண்மையான தொடக்கம் 1786 ஆகஸ்ட். அமெரிக்கா கைவிட்டுப் போனதால் கைதிகளை அங்கே அனுப்பும் வழி அடைந்துவிட்டது. தேம்ஸ் ஆற்றில் பழைய கப்பல் உடல்களைக் கட்டிப்போட்டு அவற்றுக்குள் கைதிகளை அடைத்து வைத்திருந்தார்கள். ஆகஸ்ட் 18 அன்று உள்துறை அமைச்சர் சிட்னி பிரபு கருவூலத்துக்குக் கடிதம் எழுதினார்: கைதிகளை பாட்டனி பேவுக்கு (ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் ஒரு விரிகுடா) அனுப்பப் போகிறோம், கப்பல் ஏற்பாடு செய்யுங்கள்.

தலைமைக்குத் தேர்ந்தெடுத்த ஆர்தர் பிலிப் அப்போது பெரிய பெயர் இல்லாத கடற்படை அதிகாரி. வயது 48. அப்பா ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து லண்டனுக்கு வந்த மொழி ஆசிரியர். பிலிப் சில வருடங்கள் போர்ச்சுகல் கடற்படையில் வேலை பார்த்தவர், இடையில் ஹாம்ப்ஷயரில் பண்ணை வைத்து விவசாயமும் செய்தவர். எனக்குத் தெரிந்த அளவில் நான் இவரைத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டேன் என்று கடற்படைத் தலைவர் ஹவ் பிரபுவே எழுதியிருக்கிறார். ஆனால் போர்த்துகீசிய மொழி தெரிந்த, கப்பலும் ஏரும் இரண்டும் பழகிய ஒருவர் இந்த வேலைக்கு எவ்வளவு பொருத்தம் என்பது போகப் போகத் தெரிந்தது.

அடுத்த ஒன்பது மாதமும் பிலிப் செய்த வேலை, நச்சரிப்பு. வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை. உள்துறைத் துணைச் செயலர் இவான் நேப்பியனுக்கும் சிட்னி பிரபுவுக்கும் கடிதத்துக்கு மேல் கடிதம். 1787 ஜனவரியிலேயே கைதிகளைக் கப்பலில் ஏற்றத் தொடங்கிவிட்டார்கள், கப்பலோ கிளம்புகிற வழியாக இல்லை. அலெக்சாண்டர் கப்பலில் காய்ச்சல் பரவி, துறைமுகத்தில் நிற்கும்போதே பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். லேடி பென்ரின் கப்பலுக்குப் பெண் கைதிகள் உடம்பில் ஒழுங்கான துணிகூட இல்லாமல், நோயோடு வந்து சேர்ந்தார்கள். இது அவர்களை அனுப்பிய நீதிபதிகளுக்குத்தான் அவமானம் என்று பிலிப் எழுதினார்.

மார்ச் மாதம் சிட்னி பிரபுவுக்கு எழுதிய கடிதம் இன்னும் காரமானது. ஆறு வாரத்தில் முடிகிற அமெரிக்கப் பயணத்துக்கு ஆள் அனுப்புவது போல உலகத்தின் மறுகோடிக்கு அனுப்புகிறீர்கள் என்றார். இப்படி நெருக்கியடித்து, இப்படிச் சாப்பாடு போட்டால் பாதிப் பேர் போய்விடுவார்கள் என்று பொறுப்பேற்ற அதிகாரிக்குத் தெரிந்திருக்க வேண்டாமா என நாளைக்கு என்னைக் கேட்பார்களே, அந்த ஒரு பயம்தான் எனக்கு என்றும் எழுதினார். தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளும் கணக்கும் அதில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் காரியம் நடந்தது. துறைமுகத்தில் நின்ற நாள்களில் கைதிகளுக்குப் புது இறைச்சியும் காய்கறியும் கிடைத்தன. அலெக்சாண்டரைக் காலி செய்து, கழுவி, புகைபோட்டு, சுண்ணாம்பு அடித்தார்கள். கரை மறைந்த பிறகு பெரும்பாலான கைதிகளின் விலங்குகளைக் கழற்றச் சொன்னார் பிலிப்.

வழியில் டெனெரிஃப், ரியோ டி ஜெனீரோ, கேப் டவுன் என்று மூன்று இடங்களில் நின்றார்கள். ரியோவில் மட்டும் ஏறக்குறைய ஒரு மாதம். போர்ச்சுகல் ஆண்ட அந்த ஊரில் பிலிப்பின் பழைய தொடர்பு கைகொடுத்தது. ஆரஞ்சும் காய்கறியும் தாராளம். எட்டு மாதத்துக்கு மேல் நீண்ட பயணத்தில், ஏறக்குறைய 1,400 பேரில் இறந்தவர்கள் 50க்குள்தான்.

இந்த எண்ணின் அருமை தெரிய வேண்டுமென்றால் 1790இல் வந்த இரண்டாவது கப்பலணியைப் பக்கத்தில் வைக்க வேண்டும். முதல் அணியின் ஒப்பந்தக்காரர் வில்லியம் ரிச்சர்ட்ஸ், ஓரளவு மனசாட்சியோடு சாமான் போட்டவர். இரண்டாவது ஒப்பந்தம் போனது அடிமை வியாபாரத்தில் பழகிய கேம்டன், கால்வெர்ட் அண்ட் கிங் நிறுவனத்துக்கு. ஏற்றிய தலைக்கு இத்தனை பவுண்டு என்று கூலி. உயிரோடு இறக்கினால் இவ்வளவு என்று ஒரு வரி இல்லை. அந்த அணியின் மூன்று கைதிக் கப்பல்களில் ஏறிய ஆயிரம் பேர் அளவில் 250க்கு மேல் வழியிலேயே இறந்தார்கள். அந்த மூன்றில் ஒன்று ஸ்கார்பரோ. முதல் அணியிலும் வந்த அதே கப்பல்தான்.

எங்கள் சார்ட்டில் இதற்கு ஒரு அங்குல இடம்கூட இல்லை. அந்த இடத்தில் நங்கூரம் வரைந்திருந்தோம்.

பாட்டனி பேவையும் சிட்னியையும் ஒன்றாக்குவது

"1788 ஜனவரி 26இல் ஃபர்ஸ்ட் ஃப்ளீட் ஆஸ்திரேலியா வந்தது" என்று எழுதியிருந்தோம். வந்தது ஜனவரி 18 முதல் 20 வரை, பாட்டனி பேவுக்கு. 26 என்பது அங்கே இருக்க முடியாதென்று கிளம்பி, சிட்னி கோவ் என்ற இடத்தில் இறங்கிக் கொடியேற்றிய நாள். இந்த எட்டு நாளை விழுங்கிவிட்டால் திட்டத்தின் ஆகப் பெரிய ஓட்டை மறைந்துபோகும்.

பாட்டனி பேவைச் சிபாரிசு செய்தவர் தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸ், 1779இல், நாடாளுமன்றக் குழுவின் முன்னால். அவர் கேப்டன் குக்கோடு அங்கே தங்கியது 1770 ஏப்ரல் கடைசியிலும் மே முதல் வாரத்திலுமாகச் சுமார் எட்டு நாள். இலையுதிர் காலம். அதற்குப் பிறகு ஐரோப்பியர் யாரும் அங்கே போய்ப் பார்த்து வந்து சொல்லவில்லை. பதினேழு வருடத்துக்கு முந்தைய எட்டு நாள் சாட்சியை நம்பி ஆயிரத்துச் சொச்சம் பேரை ஏற்றினார்கள். ஊரில் ஒரு மனை வாங்குவதென்றால்கூட வெயிலில் ஒரு தடவை, மழையில் ஒரு தடவை போய்ப் பார்ப்போம்.

பிலிப் இறங்கியது கொளுத்தும் கோடையில். விரிகுடாவில் ஆழம் போதவில்லை. கிழக்குக் காற்றுக்கு முழுக்கத் திறந்து கிடந்தது. நல்ல தண்ணீர் குறைவு, கரையோரம் சதுப்பு. பேங்க்ஸ் சொன்ன புல்வெளியைத் தேடிப் பார்த்தவர்களுக்கு மணலும் புதரும்தான் கிடைத்தன. பிலிப் மூன்று படகுகளில் வடக்கே போய், குக் நுழையாமல் கடந்து போயிருந்த போர்ட் ஜாக்சனைப் பார்த்தார். போர்க்கப்பல்கள் ஆயிரம் பத்திரமாக நிற்கக்கூடிய துறைமுகம் என்று பிறகு லண்டனுக்கு எழுதினார். அதற்குள் நன்னீர் ஓடை ஒன்று வந்து விழும் சிறு வளைவைத் தேர்ந்தெடுத்து சிட்னி கோவ் என்று பெயர் வைத்தார். இடத்தை மாற்றும் உரிமை அவருக்கு இருந்தது. இறங்கி மூன்றாவது நாளே அதைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார். மேலிடத்து உத்தரவில் இருக்கிற பெயர் இதுதானே என்று பாட்டனி பேவிலேயே கூடாரம் அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கைதிக் கப்பல்களுக்கு இரண்டு மூன்று மாதம் முன்னதாகவே நான் போய்விட வேண்டும், குடிசை போட்டு, நிலம் பார்த்து, சாமான் வைக்கக் கொட்டகை கட்டி வைக்கிறேன் என்று பிலிப் இங்கிலாந்திலேயே எழுதிக் கேட்டிருந்தார். அது நடக்கவில்லை. கேப் டவுனைத் தாண்டிய பிறகு, நவம்பர் 25 அன்று, வேகமான நாலு கப்பல்களைப் பிரித்துக்கொண்டு சப்ளை என்ற சிறு கப்பலில் அவர் முன்னால் ஓடினார். மற்ற கப்பல்களைக் கடற்படை அதிகாரி ஜான் ஹன்டர் அவ்வளவு நன்றாக ஓட்டிக்கொண்டு வந்தார். கடைசியில் முன்னணிக்குக் கிடைத்த இடைவெளி இரண்டே நாள்.

கப்பல் சேர்ந்துவிட்டால் திட்டம் வென்றது என்று நினைப்பது

எல்லோரும் விழும் குழி இது. நானும் விழுந்தேன். பயணம் ஒரு வேலை, குடியிருப்பு வேறொரு வேலை. முதலாவதற்கு மாலுமிகள் நிறையப் பேருக்கு அனுபவம் இருந்தது. இரண்டாவதை லண்டனில் யாரும் உட்கார்ந்து கடைசி வரை யோசித்ததாகத் தெரியவில்லை.

மறந்தவற்றின் பட்டியலைப் பாருங்கள். பெண் கைதிகளின் துணிமணி கரையிலேயே நின்றுவிட்டது. துப்பாக்கி வந்தது, குண்டு வரவில்லை. ரியோவில் 10,000 குண்டு வாங்கினார்கள். அதே ரியோவில் மரவள்ளி மாவு நூறு மூட்டை வாங்கும்போது, மூட்டைத் துணி நல்ல கெட்டித் துணி, பிறகு கைதிகளுக்கு உடுப்புத் தைக்கலாம் என்று பிலிப் எழுதிவைத்தார். எனக்கு இந்த மனிதர் மேல் பிரியம் வந்தது இந்த இடத்தில்தான். நம் பாட்டிமார் மாவுப் பையைத் துவைத்துக் கைப்பிடித் துணியாக்குவார்களே, அந்தக் கண்.

இதற்கிடையில் கப்பல் கிளம்பும் முன், காவலுக்கு வந்த கடற்படைக் காலாட்களான மரைன் சிப்பாய்கள், புது நாட்டில் எங்களுக்குச் சாராயப் படி கிடைக்காதாமே என்று மனு கொடுத்தார்கள். அந்த மனுவுக்கு அரசு உடனே இறங்கி வந்தது.

கைதிகளின் தண்டனை ஆவணங்கள் வரவில்லை. பெரும்பாலோருக்கு ஏழு வருடத் தண்டனை, அதில் பாதிக்கு மேல் இங்கிலாந்துச் சிறையிலேயே கழிந்தவர்கள் உண்டு. என் காலம் முடிந்தது, என்னை விடுங்கள் என்று ஒருவன் வந்து நின்றால், சரியா பொய்யா என்று பார்க்க பிலிப்பின் கையில் ஒரு தாள் இல்லை. லண்டனுக்கு எழுதிக் கேட்க வேண்டும். பதில் வர ஒன்றரை வருடம் ஆகலாம்.

கருவிகள் மட்டம். மண்வெட்டியும் கோடரியும் இவ்வளவு மோசமாக நான் கண்டதில்லை என்ற தொனியில் பிலிப் குறை எழுதினார். யூகலிப்டஸ் மரங்களில் பட்டு கோடரி வாய் மழுங்கியது. கைதிகளில் தச்சுத் தெரிந்தவர்கள் பன்னிரண்டு பேர். விவசாயம் தெரிந்தவர்களை எண்ண ஒரு கையே மிச்சம். ரோஸ் ஹில்லில், அதாவது இன்றைய பாரமட்டாவில், பண்ணையைப் பார்த்துக்கொண்டவர் பிலிப்பின் சொந்தப் பணியாள் ஹென்றி டாட். இங்கிலாந்திலிருந்து வந்த விதைக் கோதுமை வழியில் புழுங்கிப் போய், முளைக்கவில்லை. கேப் டவுனில் ஆடு ஏற்ற இடம் வேண்டி ஃப்ரெண்ட்ஷிப் கப்பலிலிருந்த பெண் கைதிகளை வேறு கப்பல்களுக்கு மாற்றினார்கள். அப்படிப் பாடுபட்டுக் கொண்டுவந்த கால்நடையில் மாடுகள் சில மாதத்திலேயே மேய்ப்பவன் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுக் காட்டுக்குள் போய்விட்டன. 1795இல்தான் கண்டுபிடித்தார்கள், தென்மேற்கே நல்ல புல் இருக்கும் இடத்தில், பெரிய மந்தையாக. நிலம் தேர்ந்தெடுப்பதில் பேங்க்ஸை விட அவை கெட்டி.

ஆள் திட்டமும் அப்படியே. கைதிகளை வேலை வாங்க மேற்பார்வையாளர்களை அனுப்பவில்லை. மரைன்கள் செய்வார்கள் என்று வைத்துக்கொண்டார்கள். காவல் காக்கத்தான் வந்தோம், கங்காணி வேலை எங்களுடையதல்ல என்று மரைன்கள் மறுத்தார்கள். அவர்களின் தலைவர் மேஜர் ராபர்ட் ராஸ், பிலிப்புக்குத் துணை ஆளுநரும்கூட, இருவருக்கும் ஆகாது. கரையிறங்கி இரண்டு மாதத்துக்குள் ஒரு தீர்ப்புத் தகராறில் தன் அதிகாரிகள் ஐந்து பேரையே ராஸ் கைதில் வைத்தார். மாற்று ஆள் இல்லாததால் ஐவரும் கைதில் இருந்தபடியே வேலைக்கு வந்தார்கள்.

பசியை விதி என்று எழுதுவது

"பஞ்சம் வந்தது, பொறுமையாகச் சமாளித்தனர்" என்று எங்கள் சார்ட்டில் ஒரு வரி. பஞ்சம் தானாக வரவில்லை. இரண்டு வருடத்துக்கு உணவு கட்டினார்கள், அதற்குள் விளைந்துவிடும் என்ற நம்பிக்கையில். விளையவில்லை. 1788 அக்டோபரில் பிலிப் சிரியஸ் கப்பலைக் கேப் டவுனுக்கு மாவு வாங்க அனுப்பினார்; அது உலகத்தையே சுற்றிவிட்டு அடுத்த மே மாதம் 1,27,000 ராத்தல் (ஒரு ராத்தல் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு) மாவோடு வந்தது. நாலு மாதத்துக்குப் போதும்.

லண்டன் சும்மா இருக்கவில்லை. கார்டியன் என்ற கப்பலில் உணவு, விதை, பிலிப் கேட்ட மேற்பார்வையாளர்கள், தொழில் தெரிந்த கைதிகள் எல்லாரையும் அனுப்பியது. 1789 டிசம்பர் 24 அன்று அது பனிப்பாறையில் மோதியது. கேட்டதெல்லாம் ஒரே கப்பலில். அடுத்த மார்ச்சில் சிரியஸ் நார்ஃபோக் தீவின் பாறையில் உடைந்தது. மிச்சம் இருந்தது சப்ளை ஒன்றுதான். அதையும் பட்டேவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) அனுப்பிவிட்டார்கள்.

1790 ஏப்ரலில் வாரப் படி இரண்டரை ராத்தல் மாவு, இரண்டு ராத்தல் பன்றி இறைச்சி, இரண்டு ராத்தல் அரிசி. ஆளுநருக்கும் அதுதான், கைதிக்கும் அதுதான். தனக்கென்று வைத்திருந்த சுமார் 150 கிலோ மாவைப் பிலிப் பொதுக் கிடங்கில் சேர்த்தார். ஆளுநர் வீட்டு விருந்துக்குப் போகிறவர்களும் தங்கள் ரொட்டியைத் தாங்களே எடுத்துப் போனதாக மரைன் அதிகாரி வாட்கின் டென்ச் எழுதிவைத்திருக்கிறார். அதற்கு முந்தைய வருடம் கிடங்கில் திருடிய மரைன் சிப்பாய்கள் ஆறு பேரைத் தூக்கில் போட்டார்கள். காவல்காரன் என்று விதிவிலக்கு இல்லை. அந்தத் தண்டனையை நான் மெச்சவில்லை. ஆனால் எல்லோருக்கும் ஒரே படி என்ற முடிவு இல்லாமல் அந்த ஊர் அந்த வருடத்தைத் தாண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பிலிப் செய்த இன்னொரு நல்ல காரியம் சின்னதாகத் தெரியும். விவசாயம் தெரிந்த, தண்டனை முடிந்த ஜேம்ஸ் ரூஸுக்கு 1789 நவம்பரில் கொஞ்சம் நிலம் கொடுத்து, ஒரு குடும்பம் தன் கையால் பிழைக்க முடிகிறதா பார்ப்போம் என்றார். முடிந்தது. ஹாரிஸ் பார்க்குக்குத் தோசை சாப்பிடப் போகும் நம்மவர்கள் அங்கே ரூஸ் தெருவில் 'எக்ஸ்பெரிமென்ட் ஃபார்ம்' என்ற பலகையைப் பார்த்திருப்பார்கள். அந்த இடம்தான்.

வந்தவர்கள் எல்லாம் கொலைகாரர்கள் என்பது

சுருக்கமாகச் சொன்னால், இல்லை. பெரும்பாலும் திருட்டு. துணி, சாமான், கால்நடை.

நிலம் காலியாக இருந்தது என்பது

சார்ட்டில் ஓரமாக ஈட்டியோடு இரண்டு பேரை வரைந்திருந்தோம், பெயர் இல்லாமல். கொடி ஏறிய இடம் காடிகல் என்ற பூர்வகுடி மக்களின் நிலம். அங்கே ஆட்கள் மிகக் குறைவு என்று பேங்க்ஸ் குழுவிடம் சொல்லியிருந்தார். பிலிப் வந்து பார்த்துவிட்டு, சுற்று வட்டாரத்தில் 1,500 பேர் இருக்கலாம் என்று கணக்கிட்டார். திட்டத்தின் இரண்டாவது பெரிய ஓட்டை இது. அன்போடும் நட்போடும் நடந்துகொள்ள வேண்டும் என்று அவருக்குக் கொடுத்த உத்தரவில் இருந்தது. நிலத்துக்கு யாரிடம் கேட்பது, என்ன கொடுப்பது என்பது இல்லை.

இங்கே பிலிப்பை நல்லவராகவே எழுதிவிட்டுப் போகும் ஆசை வரும், அதையும் தவிர்க்க வேண்டும். மொழி கற்கவும் பேச்சு நடத்தவும் ஆள் வேண்டும் என்று 1788 டிசம்பர் 31இல் அரபானு என்பவரைப் பிடித்துக் கட்டிக் கொண்டுவந்தார்கள். அடுத்த ஏப்ரலில் பெரியம்மை பரவியது. அங்கிருந்த மக்களில் பாதிப் பேர் இறந்திருப்பார்கள் என்று பிலிப்பே எழுதினார். நோயாளிகளைப் பார்த்துக்கொண்ட அரபானுவும் மே மாதம் இறந்தார். நவம்பரில் பெனலாங், கோல்பி என்று இன்னும் இருவரைப் பிடித்தார்கள். இருவரும் பிறகு தப்பினார்கள். 1790 செப்டம்பர் 7 அன்று மேன்லியில் பெனலாங்கைப் பார்க்கப் போன பிலிப்பின் தோளில் ஈட்டி பாய்ந்தது. பழிவாங்கக் கூடாது என்று உத்தரவிட்டார். மூன்று மாதம் கழித்து அவருடைய வேட்டைக்காரர், பெமுல்வே என்ற பூர்வகுடி வீரரின் ஈட்டிக்கு ஆளானபோது, அதே பிலிப் பத்துத் தலைகளைக் கொண்டுவரச் சொன்னார். டென்ச் பேசிக் குறைத்தார். போன படை யாரையும் பிடிக்காமல் திரும்பியது. இரண்டு உத்தரவும் ஒரே மனிதருடையவை. சார்ட்டில் ஒன்றை மட்டும் எழுதினால் அது பொய்.

மகள் இந்த முறை கப்பல்களைச் சின்னதாக வெட்டி மேல் ஓரத்தில் ஒட்டினாள். இடது பக்கம் முழுக்க அந்த ஒன்பது மாதம்: கடிதம், காய்கறி, சுண்ணாம்பு. நடுவில் சாக்குத் துணி ஒரு துண்டு. கீழே, பெயரோடு, அரபானுவும் பெனலாங்கும். வலது மூலையில் என்ன போடுவது என்று கேட்டாள். 1792 ஜூன் மாதம் பிலிப் கல்கத்தாவுக்கு அனுப்பியிருந்த அட்லாண்டிக் கப்பல் அரிசியும் பருப்பும் ஏற்றிக்கொண்டு திரும்பியது, அன்றைய பதிவுகளில் 'டால்' என்றே எழுதியிருக்கிறது என்று சொன்னேன். எழுந்து போய், சமையலறை டப்பாவிலிருந்து ஒரு பிடி துவரம்பருப்பை எடுத்து வந்து பசை தடவி ஒட்டினாள்.